சவாசனத்தில் கெட்டிக்காரி

இன்னும் ஒரே ஓர் ஆசனம். அதற்குப் பிறகு சாகலாம்.

அவள் காலை மடக்கி, இடுப்பைத் திருகி, பின்சுவரைப் பார்க்க முயன்றாள். சுவர் தெரியவில்லை. பக்கத்துப் பாயில் பி பிளாக் டாக்டரம்மாதான் தெரிந்தார். அவருக்குக் கழுத்து, இடுப்பு எல்லாம் சொன்னபடி திரும்பின.

இவள் பேச்சை இவள் உடம்பும் கேட்பதில்லை.

அபார்ட்மெண்ட் சங்கத்து ஹால். டேபிள் டென்னிஸ் மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பெண்களுக்கு யோகா வகுப்பு. முதுகுவலிக்காக என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தாள். முதுகு வலித்ததும் உண்மைதான்.

ஆனால் அவள் வருவது கடைசியில் வரும் சவாசனத்துக்காக.

மல்லாந்து படுத்து, கை கால்களை அகற்றிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிணம் மாதிரிக் கிடக்க வேண்டும். செல்போன்கள் எல்லாம் வெளியே, செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டில். அது யோகா மிஸ்ஸின் சட்டம். அந்தச் சட்டத்துக்காகவே மிஸ்ஸுக்குக் கோயில் கட்டலாம்.

மற்ற ஆசனங்களெல்லாம் இதற்காகக் கட்டும் கப்பம்.

வீட்டிலும் ஒருநாள் படுத்துப் பார்த்தாள். மகன் அவளைத் தாண்டிப் போய்ச் சார்ஜரை எடுத்துக்கொண்டு, திரும்பவும் தாண்டி வந்தான். கணவர் காபி கேட்டார். படுத்திருந்தவளைக் குனிந்து பார்த்துத்தான் கேட்டார். மாமியார் ஒருவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் தொட்டார். காய்ச்சலா என்றார். இல்லை என்றாள். வயிற்று வலியா என்றார். அதுவும் இல்லை என்றாள்.

"அப்ப எந்திரி கண்ணு."

அன்பாகத்தான் சொன்னார்.

எழுந்தாள்.

இங்கே அந்த வம்பு கிடையாது. மிஸ் கால் விரல்களிலிருந்து தொடங்குவார். விரல்கள் தளர்கின்றன, கணுக்கால் தளர்கிறது, முழங்கால் தளர்கிறது, தொடை தளர்கிறது. தொடைக்கு வரும்போது இவள் போயிருப்பாள். 'மெதுவாக வலது பக்கம் திரும்பி எழுந்து உட்காருங்கள்' என்று கேட்கும்போதுதான் உயிர் திரும்பும். சில நாள் அதற்கும் திரும்பாது. மிஸ் வந்து தோளைத் தொட வேண்டியிருக்கும்.

தூக்கம் என்று இவளுக்குத் தெரியும்.

ஆழ்ந்த நிலை என்று மிஸ் நினைத்துக்கொண்டார்.

திருத்த இவளுக்கு மனம் வரவில்லை.

ஆசனம் முடிந்து கழுத்துகள் நேராயின. பாய்களை நீவிவிடும் சத்தம். அவள் பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள். படுக்க வேண்டியதுதான் பாக்கி.

மிஸ் கையைத் தட்டினார். சவாசனத்தில் ஆளாளுக்கு மூக்கைச் சொறிவதாகவும், ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்ப்பதாகவும் குறைபட்டுக்கொண்டார். அசையாமல் கிடப்பது இந்த ஹாலிலேயே ஒருத்திதான் என்றார். எல்லாரும் திரும்பி இவளைப் பார்த்தார்கள்.

"ஏனுங்கக்கா, முன்னால வாங்க. இனிமே சவாசனம் நீங்கதான் நடத்தோணும்."

டாக்டரம்மா முதலில் கை தட்டினார்.

பள்ளிக்கூடத்தில்கூட அவள் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. இப்போது வந்துவிட்டாள். பரிசாகப் படுக்கையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

மாட்டேன் எனலாம். என்ன காரணம் சொல்வது? நான் தூங்குகிறேன் மிஸ் என்றா?

போய் மிஸ்ஸின் இடத்தில் உட்கார்ந்தாள். மிஸ் இவள் பாயில் படுத்துக்கொண்டார். மிஸ் படுத்து இவள் பார்த்ததே இல்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கால் விரல்கள் தளர்கின்றன என்றாள்.

தளர்ந்தன.

அவளுக்கே ஆச்சரியம். முழங்கால் என்றாள். ஹால் முழுக்க முழங்கால்கள் விழுந்தன. சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடச் சொன்னால்கூட வீட்டில் ஒரு ஆள் கேட்டது கிடையாது.

தொடை தளர்கிறது என்றாள்.

அதோடு நிறுத்திவிட்டாள்.

அதற்குமேல் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியாது. அதற்குமேல் அவள் இருந்ததே இல்லை.

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. பேச்சு நின்றதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டார்கள் போல. மூக்கைச் சொறியக்கூட ஒரு கை எழவில்லை.

மெல்லிய குறட்டை ஒன்று கேட்டது. டாக்டரம்மாவாக இருக்கும் என்று பார்த்தாள்.

மிஸ்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. முழங்கையில் காலையில் ஒட்டிக் காய்ந்த தோசை மாவு. குதிகாலில் வெடிப்பு. துடியலூரில் ஒரு வகுப்பு முடித்து ஸ்கூட்டரில் இங்கே வருவார். இதை முடித்துச் சரவணம்பட்டி போவார். ஹெல்மெட் ஜன்னலில் காத்திருந்தது.

மிஸ்ஸும் தொடையிலேயே போயிருக்கிறார்.

வெளியே போன் அடித்தது. அந்த மணி இவளுடையதுதான். டாக்டரம்மாவின் இமை துடித்தது. இவள் பூனை மாதிரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். மணி அடித்து, ஓய்ந்து, மறுபடி அடித்தது. இப்போது எங்கோ பக்கத்து வீட்டில் அடிப்பது மாதிரி இருந்தது.

வந்து உட்கார்ந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது இன்னும் ஒரே ஒரு வாக்கியம். மெதுவாக வலது பக்கம் திரும்பி. அது நாக்கு நுனி வரை வந்தது.

மிஸ்ஸின் கைவிரல்கள் விரிந்து கிடந்தன. எதையோ இப்போதுதான் கீழே வைத்த மாதிரி.

பாய் இல்லை. வெறும் தரை சில்லென்று இருந்தது. பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டாள்.

மல்லாந்து படுத்து, கால் விரல்களிலிருந்து தொடங்கினாள். வாய்க்குள்ளேயே.