முகம் தெரியணும்

“காட்டிக் கொடுத்தவன் இவன்தான். வேற எவன் கேமராவோட கம்பெனி கேட்டுக்கு வந்தான்?” என்று கேட்டான் வேலை போன ஏழு பேரில் ஒருவன்.

சங்க அறையில் எல்லார் தலையும் ஃபிட்டர் பக்கம் திரும்பியது. அவன் மடியில் அந்தப் பழைய கேமரா.

ஆசைக்குப் படம் எடுக்கிறவன் அவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், மழைத் தண்ணீரில் தலைகீழாக நிற்கும் கட்டடம், கொடியில் காயும் சட்டை என்று அலைவான். மனிதர்களை எடுத்தால் முதுகுதான். முகம் நடிக்கும், முதுகுக்கு நடிக்கத் தெரியாது என்பான். ‘முதுகு ஸ்டுடியோ’ என்று பட்டப்பெயரே உண்டு.

இன்று அதைச் சொல்லிச் சிரிக்க ஆளில்லை. வேலைநிறுத்தத்தில் வாசலை மறித்ததாக ஏழு பேருக்கு வேலைநீக்க உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அவரவர் முகம், தனியாக வெட்டி, பெரிதாக்கி.

தலைவர் விசாரித்தார். முப்பது வருடம் சங்கம் வளர்த்தவர். ஓய்வு பெற்றவர் என்பதால் அவரை மட்டும் யாரும் வேலையைவிட்டு நீக்க முடியாது.

“கம்பெனிக்குப் படம் கொடுத்தியா?”

“கொடுக்கல அண்ணே.”

“பின்னே எப்படிப் போச்சு?”

ஃபிட்டர் எழுந்து வந்தான். ஓர் உத்தரவை எடுத்து அவர் முன்னால் வைத்து, அவர் காதுக்கு மட்டும் சொன்னான்.

“உத்துப் பாருங்க. நான் எடுக்கிற படத்துல இந்தப் புள்ளியெல்லாம் இருக்காது. இது நம்ம துண்டறிக்கை அச்சுல விழுந்த புள்ளி.”

தலைவர் பார்த்தார். முகம் முழுக்கப் பொடிப் புள்ளிகள். ஓரத்தில் உயர்த்திய ஒரு கை. மணிக்கட்டில் கண்ணாடி விரிசல் விட்ட கடிகாரம். அவருடையதுதான்.

துண்டறிக்கைக்குப் படம் கேட்டபோது ஃபிட்டர் முதுகுகளைத்தான் கொண்டுவந்தான். ஆளுங்க மாட்டிக்குவாங்க அண்ணே என்றும் கெஞ்சினான். முதுகைக் காட்டி எவன் போராடினான், முகம் தெரியணும் என்று கடிந்துகொண்டவர் அவர். தான் முன்னால் நின்று முழங்க, பின்னால் தோழர்கள் நிற்கும் படத்தை அடம்பிடித்து எடுக்கவைத்து, ஐயாயிரம் பிரதி அடித்து ஊரெல்லாம் கொடுத்தவரும் அவர்தான்.

“நான் சொன்னா சங்கம் ரெண்டாயிடும். நீங்களே சொல்லிடுங்க அண்ணே” என்று முணுமுணுத்துவிட்டு ஃபிட்டர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான்.

அறை காத்திருந்தது.

தலைவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“துரோகிக்குச் சங்கத்தில் இடமில்லை. இவரை நீக்க ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்.”

 ஃபிட்டர் கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தான். அறைக்குத் தெரிந்ததெல்லாம் அவன் முதுகு.

முதலில் உயர்ந்தது, விரிசல் விட்ட கடிகாரம் கட்டிய கை.