ஓசிப் பென்குயின்

எட்டாவது பென்குயினின் காலை ஜீனத் நறுக்கென்று வெட்டினாள். ஏற்கெனவே வெட்டி முடித்திருந்த ஏழோடு சேர்த்து அதையும் மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"இன்னா ஜீனத், காசிமேட்ல மீனு வெட்ற மாதிரி வெட்டிகினு கீறே?" கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார் அருள்நாதன். "என் கலர் இங்க்க ஊத்தி வாத்து படமா போட்டு வெச்சிருக்கே?"

"வாத்து இல்லண்ணே, பென்குயின். லினக்ஸோட அடையாளம். ஸ்டிக்கர் பேப்பர் என் காசுல வாங்கினது. நானே சைஸ் பண்ணி பிரிண்ட் எடுத்தேன், சிபியு மேல ஒட்டறதுக்கு."

"லினக்ஸுன்னா?"

"விண்டோஸ் மாதிரிதாண்ணே, கம்ப்யூட்டர ஓட்றது. ஆனா இத யாரு வேணா எடுத்துக்கலாம். காப்பி போட்டு அடுத்தவங்களுக்குக்கூட குடுக்கலாம், தப்பே இல்ல. இனாம்."

அருள்நாதனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஓசியா? ஓசில குடுக்கறவன் உருப்படியானத குடுப்பானா? கல்யாண வூட்ல பந்தி முடிஞ்சதும் வாசல்ல கொட்டுவானுங்களே, அந்தச் சோறு. கலீஜு! அதுக்கு ஒரு வாத்து, அந்த வாத்துக்கு ஒரு ஸ்டிக்கரு!"

கல்மண்டபத்தில் மூன்று வருடமாக அவருடைய பிரௌசிங் சென்டர் எட்டு கம்ப்யூட்டரோடு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அதே இடத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். இன்றுவரை மவுஸைக் கையால் தொட்டதில்லை. கல்லாவிலிருந்து பார்த்தால் எல்லாத் திரையிலும் யாகூவும் ஆர்குட்டும் தெரியும், அவருக்கு அது போதும். ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் மட்டும் எதிரே இருப்பவனை எழுந்திருக்க விடமாட்டார்.

கடையில் வேலைக்கு இருந்த ஜீனத் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள். புளியந்தோப்பிலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவளுக்குப் பெரிதாக என்ன தெரிந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். ரெண்டு மாதத்துக்கு முன்பும் இந்த லினக்ஸைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாள். "ஓசிச் சரக்க என் கடைல வெச்சா கஸ்டமரு காறித் துப்புவான்" என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

போன மாதம் வைரஸ் புகுந்து எட்டு கம்ப்யூட்டரும் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தனியாக உட்கார்ந்து அவள்தான் எழுப்பிவிட்டாள். அதன்பிறகு ஒன்றுகூட மக்கர் செய்யவில்லை. அந்தப் பெருமையை அருள்நாதன் அவளுக்குத் தரவில்லை. பஜாரில் தானே பொறுக்கியெடுத்து வாங்கிக் கொடுத்த முப்பது ரூபாய் திருட்டு விண்டோஸ் சிடிக்குத் தந்தார். "சரக்கு அப்படி!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"அண்ணே, உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஜீனத். "ஒரு மாசம் போவட்டும்னுதான் பொறுத்துகினு இருந்தேன்…"

"சம்பளம் ஏத்தணும், அதானே? வாத்து படம் வெட்றவளுக்கு இன்னா சம்பளம் ஏத்துவாங்க?"

எட்டு ஸ்டிக்கரையும் ஒரே வாராக வாரிக் குப்பைக் கூடையில் போட்டார். ஜீனத்தின் முகம் கன்றிப்போனது. உள்ளே உட்கார்ந்திருந்த ரெண்டு கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போது பக்கத்து ஜெராக்ஸ் கடை அமீருதீன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "அருளு, பேஜாராயிடுச்சுப்பா! காப்பி சிடி போட்டவன புடிக்க விண்டோஸ் கம்பெனி வக்கீலு போலீஸோட வந்துகினு கீறாரு. மார்க்கெட்டாண்ட ஒரு நெட் கடைல அத்தினி சிஸ்டத்தயும் வேன்ல ஏத்திட்டாங்க, ஓனரையும் சேத்து!"

அருள்நாதன் கல்லாவைப் பூட்டினார். ஷட்டரை இழுக்கப் பாய்ந்தார். கை எட்டுவதற்குள் வாசலில் ரெண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே தோல்பையோடு வக்கீல்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றபடி வக்கீல் முதல் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். எதையோ தட்டினார், படிவத்தில் எழுதினார், அடுத்ததுக்கு நகர்ந்தார்.

"அண்ணே, பயப்படாதீங்க, நான் இன்னா சொல்ல வந்தேன்னா…" என்று கிசுகிசுத்தாள் ஜீனத்.

"வாய மூட்றீ! நீ வந்த நேரம்தான் என் கடைக்கே கேடு."

மூன்று, நான்கு, ஐந்து. வக்கீலின் முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. அருள்நாதனின் சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. இருபது வருடம் பூத்தில் நின்று சேர்த்ததெல்லாம் இந்த எட்டுப் பெட்டியில்தான் இருந்தது.

எட்டாவதைப் பார்த்து முடித்து வக்கீல் எழுந்தார். அருள்நாதன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் புள்ளகுட்டிக்காரன் சார். எனக்கு கம்ப்யூட்டர்னா இன்னான்னே தெரியாது. திருட்டு விண்டோஸ ஏத்தினதெல்லாம் இவதான்! போன மாசம் நான் இல்லாத நேரம் பாத்து, ஞாயித்துக்கெழம உக்காந்து எட்டுலயும் ஏத்திட்டா சார். இவள இட்டுகினு போங்க, என் கடைய விட்டுடுங்க!"

ஜீனத் அவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். மீன் மார்க்கெட்டில் அழுகினதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் பார்க்கிற பார்வை. தன் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

வக்கீல் அருள்நாதனின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைக் கிழித்து அவரிடம் நீட்டினார்.

"என்னங்க உளர்றீங்க? உங்க கடையில ஒண்ணுலகூட விண்டோஸே இல்லையே!"