வெந்நீர் ஊற்றியவர்

"பாய், இந்தப் பாவம் உங்கள சும்மா விடாது. வாயில்லா சீவன் மேல வெந்நீர ஊத்த எப்படித்தான் மனசு வந்துச்சு?"

ஆயர் ஈத்தாம் ஊரின் கடைத்தெருவுக்கே கேட்கும்படி வெள்ளையம்மா கேட்டாள். அப்துல் பாசித்தின் சாப்பாட்டுக் கடை ஓரத்தில் பூ விற்பவள். பிள்ளை குட்டி கிடையாது. நெத்திலி என்ற தெருப்பூனைதான் அவளுக்கு எல்லாம்.

நெத்திலிக்குக் கழுத்திலிருந்து முதுகுவரை முடி கொட்டி, தோல் வெந்து உரிந்திருந்தது. அது படுப்பது கடையின் தேத்தண்ணி அடுப்புக்குக் கீழே. பாசித் ஊற்றியதை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததுபோலப் பேச ஊருக்குச் சொல்லியா தரவேண்டும்?

பாசித் பூனையைக் கூடையில் வைத்து மிருக டாக்டரிடம் கொண்டுபோனார்.

கிட்னி கெட்டுவிட்டது, தினமும் தோலுக்கு அடியில் உப்புநீர் ஏற்றவேண்டும் என்று டாக்டர் ஊசி குத்தக் கற்றுக்கொடுத்தார். பிடரித் தோலை இழுத்துக் குத்துவதுதான் வழக்கம். நெத்திலிக்குப் பிடரியில் தோல் ஏது? மத்தியானக் கூட்டம் போனதும் பின்சந்தில் மடியில் போட்டுக்கொண்டு, இடுப்புப் பக்கம் ஏற்றினார். பூனை முனகிக்கொண்டே கிடக்கும்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறார் என்றாள் வெள்ளையம்மா. ஊரும் அதையே சொன்னது. காலையில் ரொட்டி சானாய்க்கு வருகிற கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது. நல்ல மனுஷனுக்கு அந்த ஒன்பது நாளும் நரகம்தான்.

ஒன்பதாம் நாள் நெத்திலி செத்துப்போனது.

வெள்ளையம்மா கடைக்குள் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஒரு மாசமா தெனம் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு அது கழுத்துப் படைய ஆத்திக்கிட்டு வந்தேன். இப்படிக் கொன்னுட்டீங்களே பாய்."

பாசித் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"என் தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

அவள் போனதும், ரொட்டி போடும் நவ்சாத்துக்குப் பொறுக்கவில்லை. யாரும் வெந்நீர் ஊற்றவில்லை என்பது நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிற அவனுக்குத் தெரியும். செய்யாத பாவத்தை ஏன் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று கேட்டேவிட்டான்.

பாசித் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அது வெந்நீர்க் காயம் இல்லன்னு டாக்டர் மொத நாளே சொல்லிட்டாரு. தைலம் பூனைக்கு வெஷமாம். தேய்ச்சா தோலு வெந்துருமாம், அத நக்குனா கிட்னி போயிருமாம். வெளிய சொல்லிராத லா. தன் கையாலதான் செத்துச்சுன்னு தெரிஞ்சா அந்தம்மா தாங்காது. கொன்னவன் நானாவே இருந்துட்டுப் போறேன்."