கண்டக்டர் போட்ட வரிசை

"அந்தக் குழந்தை உன்னுது இல்லை" என்றார் கண்டக்டர்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறைதான் இப்போது மருத்துவமனை. சண்டைக்குப் பயந்து ஊரைக் காலி செய்து வந்து, வகுப்பறைகளில் தங்கியிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் அந்த ஒரே கதவு. உள்ளே ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஊசி மருந்து வைத்த ஐஸ் பெட்டி. ஆரம்பத்தில் கதவே பெயர்ந்துவிடும்போல் தள்ளுமுள்ளு நடந்தது. கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வந்த கண்டக்டர்தான் அதற்கு ஒரு முடிவு கட்டினார். காலமெல்லாம் பஸ்ஸில் கூட்டத்தை மேய்த்தவர். பஸ் எங்கேயோ எரிந்து கிடந்தது. அதிகாரம் மட்டும் பத்திரமாக அவரோடு வந்து சேர்ந்திருந்தது.

கைக்குழந்தைக்காரர்கள் முன்னால், மற்றவர்கள் பின்னால். இதுதான் அவர் போட்ட சட்டம். அவர் இல்லையென்றால் என்றைக்கோ ஓடிப்போயிருப்பேன் என்று நர்ஸே சொல்லியிருக்கிறாள்.

இன்றைக்குக் கூட்டம் அதிகம். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டு குழந்தைகளுக்குத் தட்டம்மை. தடுப்பூசி மருந்து கொஞ்சம்தான் வந்திருக்கிறது, தீர்ந்தால் அடுத்த மாதம்தான் என்று நர்ஸ் காலையிலேயே அறிவித்துவிட்டாள்.

அப்படிப்பட்ட நாளில்தான் அந்தப் பெண் நேராகக் கதவருகே போய் நின்றாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெயிலுக்கு அதன் தலையோடு சேர்த்து மஞ்சள் துண்டைப் போர்த்தியிருந்தாள். நிவாரணக்காரர்கள் எல்லாக் குழந்தைக்கும் கொடுத்த அதே மஞ்சள் துண்டு.

"போன தடவை வளையல் போட்ட பொண்ணு. அதுக்கு முன்னால சுருட்டை முடிப் பையன். இன்னிக்கு இது. உனக்கு எத்தனை பிள்ளைம்மா?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றாள் அவள் நிதானமாக. "தண்ணி லாரியும் இந்த ஊசியும் ஒரே நேரத்துக்கு வருது. இதோட அம்மா அங்கே நிக்குது. நான் ஒண்டிக்கட்டை, ஒரு குடம் இருந்தாப் போதும். அதான் எங்க அறைப் பிள்ளைங்களை நான் தூக்கிட்டு வர்றேன்."

நல்ல கதை என்றது வரிசை. தலைவலி மாத்திரைக்குக் குழந்தையை வாடகைக்கு எடுத்திருக்கிறாள் என்றார் இருமிக்கொண்டே ஒரு பெரியவர். சிரிப்பு எழுந்தது. கண்டக்டருக்கு உற்சாகம் கூடியது.

"சரி, அம்மா தண்ணிக்கு நிக்கட்டும். அப்பன்னு ஒருத்தன் இருப்பானே, அவன் என்ன மந்திரி வேலையா பாக்குறான்?"

"இருக்காராம்."

"அப்ப அவனை வந்து நிக்கச் சொல்லு. நீ பின்னால போ."

அவள் ஒரே ஒரு தடவைதான் கெஞ்சினாள். பிள்ளைக்கு ஊசி போட்டதும் தன்னை வேண்டுமானால் நாள் முழுக்க வெயிலில் நிறுத்தலாம் என்றாள். ஒருத்தருக்கு வழி விட்டால் ஒன்பது பேர் நுழைவார்கள் என்றார் கண்டக்டர். அது பஸ்ஸில் கற்ற பாடம். அதைத் தப்பென்று சொல்ல அங்கே யாருமில்லை.

அவள் கடைசியில் போய் நின்றாள். அவளுக்குப் பிறகு வந்த தாய்மார்கள், சொந்தக் குழந்தைகளோடு, அவளைத் தாண்டி முன்னால் போனார்கள். அவள் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

கண்டக்டருக்குக் கட்டு மாற்றியபோது நர்ஸுக்குத் தலைநிமிர நேரமில்லை. ஆனாலும் சத்தமில்லாமல் வேலை நடக்கிறது என்று ஒரு வார்த்தை பாராட்டினாள். அது போதும் அவருக்கு.

தண்ணீர் லாரிப் பக்கம் போனார். பெண்களுக்கு வகுப்பறை, ஆண்களுக்கு மாடி வராந்தா என்று பிரித்திருந்ததால், மனைவியை அவர் பார்ப்பதே இப்படி வழியில்தான். அவள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு வந்துகொண்டிருந்தாள். அவர் கூடவே நடந்தபடி, வாடகைக் குழந்தைக்காரியைப் பிடித்த கதையை விவரமாகச் சொன்னார்.

பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"குழந்தை தூங்கிட்டா இருந்துச்சு?"

"ஆமா. தோள்ல போட்டு, தலையோட துண்டைப் போத்தி வச்சிருந்தா. நம்மகிட்ட நடக்குமா?"

அவள் இரண்டு குடங்களையும் கீழே வைத்தாள். அவருக்கு அப்போதும் புரியவில்லை.

எதிரே அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். கண்டக்டரைக் கண்டதும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவரைப் பார்க்காமல் அவர் மனைவியிடம் சொன்னாள்.

"ஊசி போட முடியலைம்மா. என் முறை வர்றதுக்குள்ள மருந்து தீர்ந்துபோச்சு. அடுத்த மாசம்தானாம்."

பேச்சுச் சத்தத்தில் குழந்தை விழித்தது. துண்டு நழுவியது. கண்டக்டரைப் பார்த்ததும் பல் முளைக்காத வாயால் சிரித்து, இரண்டு கைகளையும் நீட்டி அவர் பக்கம் தாவியது.

கண்டக்டரின் கை எழவில்லை. லாரியடியில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மனைவிதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

"காலைல இவர்கிட்டதான்க்கா முதல்ல கெஞ்சினேன்" என்றாள் அந்தப் பெண்ணிடம். "இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு நின்னா, வரிசையில என்னை எவன் மதிப்பான்னு கேட்டார்."