பெயர்ச்சொல் பரீட்சை

தி.நகர் ஜவுளிக்கடை இசக்கிமுத்துவுக்கு வியர்த்துக் கொட்டியது. இங்கிலீஷ் தெரியும் என்று வாயை விட்டது தப்பாய்ப் போயிற்று. இதில் தேறாவிட்டால் ஊரில் முகத்தைக் காட்ட முடியாது.

எதிரே வடிவு டீச்சர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஹவுஸ். இது பெயர்ச்சொல். முன்னால எப்படிப்பட்டதுன்னு ரெண்டு வார்த்தை சேருங்க. பின்னால எங்கேன்னு சொல்லுங்க."

"எ பிக் நியூ ஹவுஸ் இன் அசோக் நகர்!"

"சபாஷ்! இப்போ, வைஃப்?"

அதே மாதிரிதானே என்று அவனுக்குத் தைரியம் பொங்கியது.

"எ பிக் நியூ வைஃப் இன் அசோக் நகர்!"

கேசரித் தட்டோடு வந்த வடிவின் அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"ஏன் தம்பி, பொண்ணு பாக்க வந்தவரு இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? அப்போ பழைய பொண்டாட்டி எந்த நகர்ல இருக்கா?"