பலாப்பழ ஐஸ்கிரீமும் என் கைப்பக்குவமும்

ஐஸ்கிரீம் என்றால் எனக்கு உயிர். அறுபத்திரண்டு வயதிலும் குச்சி ஐஸைக்கூட விட்டுவைப்பதில்லை. ஆனாலும் கடைச்சரக்கு மட்டம் என்று, ஞாயிறுதோறும் நானே பாலைச் சுண்டக் காய்ச்சி, பலாச்சுளை போட்டு மிக்ஸியில் அடித்து, சொன்னதைக் கேட்டுப் பதில் பேசும் எங்கள் ஸ்மார்ட் ஃப்ரீசரில் வைப்பேன். சாயங்காலம் முதல் கரண்டி உள்ளே போனதும், "இந்தப் பக்குவம் எந்த மெஷினுக்கு வரும்?" என்று மனைவி வசுமதியிடம் பீற்றிக்கொள்வேன். ஒன்பது வருஷமாக இதே வசனம்.

போன வாரம் மாடி வீட்டு ரெபேக்கா செய்முறை கேட்டாள். பெருமை தாங்காமல் ஃப்ரீசரிடம், "அவங்களுக்கு அனுப்பிடு" என்றேன்.

"எதை சார்? நீங்க செய்யறதா, நான் செய்யறதா?" என்று கேட்டது ஃப்ரீசர்.

நான் வைப்பதை வாராவாரம் வடித்துக் கொட்டிவிட்டு, தனக்குள் இருக்கும் ஐஸ்கிரீம் மெஷினில் தானே புதிதாகச் செய்து அதே டப்பாவில் நிரப்புகிறதாம்.

"மேடம் உத்தரவு சார். முதல் தடவை அவங்க பல்லு உடைஞ்சுது."

அந்தப் பல்லுக்கு முறுக்கின் மேல் அல்லவா வசுமதி பழி போட்டிருந்தாள்!

இந்த ஞாயிறு என் கலவையில் ஒரு கிண்ணத்தை மட்டும் தொடாமல் உறைய வைக்கச் சொல்லி, யாருக்கும் தெரியாமல் ருசி பார்த்தேன். ஐஸ்கட்டிக்குள் பலாநார். வசுமதி மேல் மரியாதை கூடியது.

"மத்ததை வழக்கம்போல மாத்திடு. எனக்குத் தெரியும்னு மேடத்துகிட்ட மூச்சு விடாதே" என்றேன்.

சாயங்காலம் வசுமதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கரண்டியை விழுங்கினேன்.

"இந்தப் பக்குவம் எந்த மெஷினுக்கு வரும்?"

ஃப்ரீசர் வாயைத் திறக்கவில்லை.