அக்கா ஏன் கேட்கவில்லை?

"எங்க போயிருந்தீங்கன்னு ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டியாக்கா?"

தங்கை தோளில் இருந்த பையைக்கூட இறக்கவில்லை. வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டாள்.

"உள்ள வா. வெயில்ல நிக்காதே" என்றாள் அக்கா. தையல் மெஷின் நிற்கவில்லை.

ஜன்னல் திரை தைக்கும் கடை அது. பின்னாலேயே வீடு. தைத்து முடித்த திரைகள் மேலிருந்து தரை வரை தொங்கின. காற்று வரும்போதெல்லாம் கடையே தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் இருந்தது.

அக்காவின் கணவர், இதோ வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர். மூன்று வருஷம் ஆளைக் காணோம். கடிதம் இல்லை, போன் இல்லை. போன மாதம் திரும்பி வந்தார். இப்போது நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல, கடையின் பின்கோடியில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

"எனக்கா இருந்தா இந்நேரம் மண்டை வெடிச்சிருக்கும்."

"உனக்கு வெடிக்கும்தான்" என்று அக்கா சிரித்தாள்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பார்சல் வந்தால், கொண்டுவந்தவர் கையில் இருக்கும்போதே தங்கை பிரித்துவிடுவாள். கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பாள். அக்காவோ தன் பெயருக்கு வந்த பார்சலையே அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோவாள்.

"உனக்குப் பொறக்கும்போதே அந்த நரம்பை வைக்க மறந்துட்டாங்க" என்பாள் தங்கை.

"மறக்கல. என்னோடதையும் சேர்த்து உனக்கு வெச்சுட்டாங்க" என்பாள் அக்கா.

தங்கை இப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அங்க வேற ஒரு குடும்பம் இருந்திருந்தா?"

"இருக்கலாம்."

"ஜெயில்ல இருந்திருந்தா?"

"இருக்கலாம்."

"நீ கல்லுக்கா! என் தோள்ல சாஞ்சு அப்படி அழுதியே, அதெல்லாம் மறந்துபோச்சா? சூடு சுரணை வேண்டாம்?"

அக்கா துணியின் ஓரத்தை மடித்து ஊசிக்குக் கீழே தள்ளினாள்.

"சரி, நீ கேக்காட்டி போ. நான் கேக்கறேன்."

தங்கை எழுந்தாள். ஒரு வெள்ளைத் திரையை விலக்கினாள், அப்புறம் ஒரு பச்சை, அப்புறம் வெளிறிய நீலம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் வெளிச்சத்தின் நிறம் மாறிக்கொண்டே வந்தது. கடைசித் திரைக்கு அப்பால், ஆவி பறக்க அவர் நின்றுகொண்டிருந்தார்.

"அத்தான், இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"சொல்லணும்மா. எல்லாத்தையும் சொல்லணும்னுதான் வந்தேன். ஆனா முதல்ல உங்கக்காகிட்டதானே சொல்லணும்? அவ கேப்பா கேப்பான்னு தினமும் பாக்கறேன். நானா ஆரம்பிச்சாலும், சாப்பிட வாங்கன்னு பேச்சை மாத்திடறா."

போன வேகத்திலேயே தங்கை திரும்பி வந்தாள்.

"மனுஷன் சொல்லத் தயாரா நிக்கறார். நீதான் காதைப் பொத்திக்கறே. கேட்டுத்தான் தொலையேன்!"

அக்கா மெஷினை நிறுத்தினாள். அந்தச் சத்தம் நின்றதும், திரைகள் உரசுகிற ஓசை கேட்டது.

"அவர் வந்தது காலைல. தூறல் போட்டுட்டிருந்துச்சு. வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கிடந்தது."

"யாரோட செருப்பு?" தங்கைக்கு வாய் முந்திக்கொண்டது.

அக்கா நிமிரவில்லை.

"ஒரு ஆம்பளை செருப்பு. இனிமே அவர் வரவே மாட்டார்னு நான் முடிவு பண்ணிட்டேன். என்னால தனியா இருக்க முடியல."

தங்கை மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தாள். அக்காவைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று நினைத்திருந்தவள் அவள்.

"அவர் அதைப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னார். அப்புறம் குனிஞ்சு, மழைல நனையாம அதை உள்பக்கமா நகர்த்தி வெச்சார். தன் செருப்பைப் பக்கத்துல கழட்டினார். கை கால் கழுவிட்டு வரேன்னு பின்பக்கம் போனவர், எவ்வளவோ நேரம் கழிச்சுத்தான் உள்ள வந்தார். அதுக்குள்ள அந்தச் செருப்பு போயிடுச்சு."

அக்காவின் விரல்கள் துணியை நீவிவிட்டுக்கொண்டே இருந்தன.

"இன்னி வரைக்கும் அவர் 'யாரோடது'ன்னு கேக்கல. நான் எந்த வாயால 'எங்க இருந்தீங்க'ன்னு கேக்கறது?"